பொரியாத முட்டைகள்

முக்கூடல்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. ஆச்சிக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று முத்துமாலை அம்மன் கோவில் வரை நடந்தே போய்வந்தாள். பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆறு நிறையப் போகிறது. கார் நடவுக்கு உழவு தொடங்கிவிட்டதால் எனக்கும் ஓட்டம்தான். வரப்பில் பாம்பு, வைக்கோல் படப்பில் பாம்பு என்று பாப்பாக்குடியிலிருந்தும் இடைகாலிலிருந்தும் கூப்பிட்டபடி இருக்கிறார்கள்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதனால் நானும் போன் செய்யாமல் எழுத உட்கார்ந்தேன். பத்தொன்பது நல்லபாம்பு முட்டை வந்தது, பதினைந்து போயிற்று, நாலு குட்டியைத்தான் விட முடிந்தது, இந்தக் கையை வைத்துக்கொண்டு இனி இந்த வேலை வேண்டாம் என்று முடித்திருக்கிறாய். ஏளா, அந்தப் பதினைந்தையும் ஒரே குவியலாகப் போட்டுப் பார்க்காதே. பதினைந்தும் ஒரே நாளில் சாகவில்லை, ஒரே காரணத்தாலும் சாகவில்லை. எது எப்போது போனது, எதனால் போனது என்று பிரித்தால்தான் எதற்கு அழுவது, எதைத் திருத்துவது என்று தெரியும். நீ அனுப்பிய குறிப்பேட்டுப் பக்கங்களை வைத்துக்கொண்டு நானே பிரித்துப் பார்த்தேன்.

நாலு முட்டை, மண் தோண்டின ஜேசிபி வாளியிலேயே கூழாகிவிட்டது. உன் கைக்கு வரவே இல்லை. அதை நீ இழப்பில் சேர்த்தது பாசத்தால்; ஆனால் உன் வேலைக் கணக்கில் அது வராது. இன்னும் இரண்டு, நீ எழுதியிருக்கிற அடையாளப்படி, மஞ்சளாக, மற்றதைவிடச் சிறிதாக, மெழுகு பூசினதுபோல இறுகலாக இருந்தவை. அவை கூமுட்டை. அவற்றில் உயிர் பிடிக்கவே இல்லை. வயதான பாம்போ, முதல் ஈற்றுப் பாம்போ, உடம்பு மெலிந்த பாம்போ இடும்போது அப்படி ஒன்றிரண்டு இருக்கும். ஆக ஆறு முட்டையை எடுத்து ஓரமாக வை. மிச்சம் பதின்மூன்று. அதில் ஆறு பொரிந்திருக்கிறது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உன் பக்கங்களில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

கிழிந்து வந்த ஐந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதில்தான் நீ உன்னை அதிகம் வைதுகொண்டிருக்கிறாய். பாம்பு முட்டையின் ஓடு கோழி முட்டை ஓடுபோல நொறுங்காது. பதனிட்ட தோல்போல வளைந்து கொடுக்கும். அதனால் மண்வெட்டி நுனி பட்டாலும், வாளிப் பல் உரசினாலும் சில முட்டையில் மேலோடு மட்டும் கீறி, உள்ளே இருக்கும் சவ்வு அப்படியே இருக்கும். கீறல் வழியாக உள்சவ்வு பிதுங்கி நிற்கும், கரு ஒழுகாது. அந்த முட்டைக்கு வாய்ப்பு உண்டு. கீறல் சின்னதாக இருந்தால் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டுவார்களே, அந்தக் காகிதப் பிளாஸ்திரியைச் சின்னத் துண்டாக நறுக்கி ஒட்டினால் போதும். அல்லது செத்த முட்டையின் ஓட்டைச் சுத்தம் செய்து, ஒரு துண்டு வெட்டி மேலே படிய வைக்கலாம். கழுவக் கூடாது. துடைப்பதானால் உலர்ந்த பஞ்சால், அமுக்காமல் துடைக்க வேண்டும். நீ இத்தனையும் செய்திருக்கிறாய்.

உள்சவ்வும் கிழிந்து மஞ்சள் கரு ஒழுகிவிட்டால் யார் ஒட்டினாலும் நிற்காது. உன் ஐந்தில் நாலு அப்படிப்பட்டவை என்று நீ எடுத்த படத்திலேயே தெரிகிறது. இருந்தும் அவற்றை நீ ஒட்டினாய், தனி டப்பாவில் வைத்தாய். தனியாக வைத்ததுதான் முக்கியம். அழுகும் முட்டையின் வாடைக்குக் கொசுவைவிடச் சின்னதான ஒரு ஈ வரும். அது முட்டையிட்டுப் புழு வைத்தால், பக்கத்தில் நன்றாக இருக்கிற முட்டையின் சின்னக் கீறல் வழியாகவும் அந்தப் புழு உள்ளே போய்விடும். மெல்லிய துணியால் டப்பா வாயை மூடச் சொன்னது அதற்காகத்தான். ஐந்தாவது முட்டை, நீ பிளாஸ்திரி ஒட்டிய அந்த ஒரு முட்டை, பொரிந்தது. உன் கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறாய்! மண்ணோடு மண்ணாகப் போக வேண்டிய உயிர் அது. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் அதற்கு ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

மேலே பூஞ்சை பிடித்த முட்டையை நாலாம் நாளே எறிந்துவிடலாமா என்று தயங்கினேன் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். தயங்கியது நல்லது. உயிருள்ள முட்டையிலும் பூஞ்சை ஏறும். பஞ்சால் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருட்டறையில் போன் டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தால் சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். நரம்பு தெரிகிறவரை எறியக் கூடாது. முட்டை அழுகி வாடை வந்து, உள்ளே ஒன்றும் தெரியாமல், தொட்டால் தொளதொளவென்று ஆகிவிட்டால் மட்டுமே எடுக்கலாம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட முட்டையைப் பிரிக்கவும் கூடாது. ஒட்டின நிலையில் ஓட்டைப் பிய்த்தால் நல்லதும் கிழியும்.

குழிவிழுந்து சுருங்கிப்போன அந்த ஒன்று தண்ணீர் போதாமல் போனது. பாம்பு முட்டை வெளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வளர்கிறது. இட்ட அன்றைக்கு இருந்த எடையைவிடப் பொரிக்கும் சமயத்தில் அதிகமாக இருக்கும். நீ தென்னை நார்க்கழிவில் வைத்திருக்கிறாய், அது நல்லதுதான். ஆனால் கை வைத்துப் பார்த்து ஈரம் சொல்வது நம்மூர் வெயிலுக்குச் சரிவராது. டப்பாவை முட்டையோடு முதல் நாள் எடைபோட்டு எழுதி வை. வாரத்துக்கு ஒருமுறை எடைபோட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீரை ஓரமாக விடு. முட்டைமேல் படக் கூடாது. பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வருவதற்கு மேல் நனையவும் கூடாது; சகதியில் முட்டை மூச்சு விடாது. பொரிக்கிற கடைசி நாட்களில் எல்லா முட்டையும் கொஞ்சம் குழிவிழும். அது வேறு, அதற்குப் பதறாதே.

இப்போது, முழுசாக வளர்ந்து முட்டைக்குள்ளேயே செத்துக் கிடந்த அந்த இரண்டு. உன் கடிதத்தில் எழுத்து கோணிப்போனது அந்த இடத்தில்தான். படமும் செதிலும் எல்லாம் வந்து, வாயில் முட்டையைக் கிழிக்கும் சின்னப் பல்லும் முளைத்து, கிழிக்காமல் கிடந்தது என்று எழுதியிருக்கிறாய். அதைப் பார்ப்பது கொடுமைதான். எனக்கும் அதைப் பழகிக்கொள்ள முடிந்ததில்லை.

அந்த இரண்டைப் பற்றி உன் குறிப்பேடே சொல்கிறது. ஐம்பதாம் நாளை ஒட்டி ஒரு நாள் பகல் முழுக்க மின்சாரம் இல்லை, அறையின் வெப்பம் 36 டிகிரிக்குப் போயிருக்கிறது. நல்லபாம்பு முட்டைக்கு 28 முதல் 30 டிகிரி போதும். கொஞ்சம் ஏறி இறங்கினால் தாங்கும். ஆனால் கடைசி நாட்களில் உள்ளே கரு பெரிசாகிவிடும், அதற்குக் காற்றும் அதிகம் வேண்டும். அப்போது வெப்பமும் ஏறி, டப்பாவும் இறுக மூடியிருந்தால் மூச்சு முட்டும். நான் நினைப்பது அதுதான். முதுகெலும்பு கோணி இருந்ததா என்று பார்த்தாயா? வளர்கிற நாட்களில் சூடு அதிகமானால் எலும்பு கோணும். எலும்பு நேராக இருந்தால் சாவு கடைசி நாட்களில் வந்தது என்று ஓரளவு முடிவு கட்டலாம்.

வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு நம் ஆட்கள் முதலில் வாங்குவது பல்பும் சூடேற்றும் தட்டும். அங்கே குளிர், அவர்களுக்கு அது வேண்டும். பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசியில் 38 டிகிரி சாதாரணம். நம் வேலை முட்டையைச் சூடாக்குவது இல்லை, சூட்டிலிருந்து காப்பது. அதனால் எனக்குப் பிடித்தது பெரிய மண்பானை. வடக்குப் பார்த்த அறையில், தரையில் ஈர மணல் பரப்பி, அதன்மேல் பானை, பானையைச் சுற்றி நனைத்த சாக்கு, உள்ளே முட்டை டப்பா, வாய்க்கு வெள்ளைத் துணி. மின்சாரம் போனாலும் வந்தாலும் பானைக்குத் தெரியாது. வெப்பமானியின் முனையை முட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். சுவரில் மாட்டினால் அது சுவரின் சூட்டைத்தான் காட்டும். நாற்பது நாளுக்குப் பிறகு மூடியைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து காற்று மாற்று. எறும்பு வராமல் பானைக்குக் கீழே தண்ணீர்த் தட்டு வைக்க மறக்காதே. எறும்பு கண்டுபிடித்தால் பொரிக்கிற முட்டைதான் முதலில் போகும்.

செத்த முட்டையை வெட்டிப் பார்க்க மனசு வரவில்லை, அப்படியே புதைத்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். மருமகளே, இது ஒன்றில் மட்டும் நான் கறாராக இருப்பேன். வெட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் கட்டத்தில் கரு நின்றுபோனது, நரம்பு இருந்ததா, மஞ்சள் கரு எவ்வளவு மிச்சம், உடம்பு நேரா கோணலா, எல்லாம் எழுத வேண்டும். புதைத்துவிட்டால் அது எதனால் செத்தது என்பதும் சேர்ந்து புதைந்துபோகும். அடுத்த வருஷம் வருகிற முட்டைக்கு நீ செய்யக்கூடிய உபகாரம் அதுதான். ஆனால் கவனம்: பொரிக்கிற நாளை நெருங்கிய முட்டையைக் கையுறை, இடுக்கி இல்லாமல் திறக்காதே. அசையவில்லை என்பதால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பொரிக்கும்போதே நல்லபாம்புக் குட்டிக்குப் பல்லும் உண்டு, விஷமும் உண்டு. உனக்கு ஏதாவது ஆகி, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் உன் அம்மா உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கக் கூடாது.

பொரிந்த பிறகு செத்த இரண்டுக்கு வருகிறேன். முட்டையைக் கீறித் தலையை நீட்டிக்கொண்டு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் அப்படியே இருக்கும். நமக்குப் பொறுக்காது, வெளியே எடுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். அது உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. நீ இழுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதுதான் சரி. ஆனாலும் ஒன்று மஞ்சள் கருப் பை வெளியே தொங்கத் தானாகவே வந்துவிட்டது. ஈரத் துணியில் தனியாக விட்டாய், கொடியை அறுக்கவில்லை. அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. அந்தப் பை காய்ந்து விழுந்து பிழைப்பதும் உண்டு, சீழ் பிடித்துப் போவதும் உண்டு. இன்னொன்று முதல் சட்டை கழற்றியும் மெலிந்துகொண்டே போய்ச் செத்திருக்கிறது. அதற்கு நீ தவளைக் குஞ்சு கொடுத்துப் பார்த்தாய், சாப்பிடவில்லை, வாயைத் திறந்து ஊட்டியிருக்க வேண்டுமோ என்று கேட்கிறாய். வேண்டாம். மீட்டு வந்த முட்டையில் பொரிந்த குட்டியை நாம் வளர்க்கப்போவதில்லை. வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு முதல் சட்டை கழற்றும் வரை, சுமார் பத்து நாள், தாங்கும். கொப்பூழ் மூடியதும், வனத்துறை ஆட்கள் முன்னிலையில், தாயைப் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் புதர், எலி வளை இருக்கிற இடமாகப் பார்த்து விட்டுவிடுவதுதான் நல்லது. டப்பாவில் ஒவ்வொரு நாளும் அதற்குப் பயம், பயத்தில் இரை எடுக்காது.

பாரிஸ் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனோ என்னவோ. மலைப்பாம்பு தன் முட்டையைச் சுற்றி அடைகாத்துச் சூடேற்றுகிறது என்று நம் நாட்டில் கேட்டறிந்ததை லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1830-களில் அங்கே போய்ச் சொன்னார். குளிர்ந்த ரத்தப் பிராணியாவது சூடேற்றுவதாவது என்று பண்டிதர்கள் நம்பவில்லை. 1841-இல் பாரிஸ் மிருகக்காட்சித் தோட்டத்திலேயே ஒரு மலைப்பாம்பு முட்டையிட்டு அதன்மேல் சுருண்டுகொண்டது. வலாசியென் என்ற அறிஞர் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சுற்றியிருந்ததைவிடப் பாம்பின் மடிப்புக்குள் சூடு அதிகம் இருந்தது. 1966-இல் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் ஹட்சிசன், டவ்லிங், வினகர் மூவரும் அளந்து, தாய் தன் தசைகளை விட்டுவிட்டுச் சுண்டி அந்தச் சூட்டை உண்டாக்குகிறது என்று உறுதி செய்தார்கள். நான் உனக்குச் சொல்ல வந்தது சூட்டைப் பற்றி இல்லை. 1841-இல் அந்தத் தாய் இட்டது பதினைந்து முட்டை. பொரிந்தது எட்டு. இரையும் எடுக்காமல் இரண்டு மாதத்துக்கு நெருக்கமாக இரவும் பகலும் சுற்றிக் கிடந்த சொந்தத் தாய்க்கே எட்டு.

பாம்பு அத்தனை முட்டை இடுவதே அதனால்தானே. நல்லபாம்பு பன்னிரண்டிலிருந்து முப்பது வரை இடும். உடும்பு தோண்டும், கீரி தோண்டும், கோடை மழை வளைக்குள் இறங்கும். பொரிந்த குட்டியைக் கொக்கும் மயிலும் கொத்தும். அத்தனையும் பெரிசானால் இந்த வயல்காட்டில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் ஜேசிபியால் சாவது அந்தக் கணக்கில் சேராதது, அதைத்தான் நாம் குறைக்கப் பார்க்கிறோம்.

அதனால் உன்னிடம் கேட்பது இன்னொன்று. முட்டையை எடுக்க வேண்டுமா என்பதையே முதலில் யோசி. தாய் பங்குனி, சித்திரையில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் இடுகிறது. சுமார் அறுபது நாளில் பொரிகிறது. இங்கே கார் உழவு தொடங்குவது ஆனிக்குச் சற்று முன்னேபின்னே. உழவு தொடங்குகிற அந்த நாட்களில்தான் அழிவு அதிகம். வரப்பை வெட்டுவதைப் பத்து நாள் தள்ளிப்போடச் சொன்னால், அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு உழச் சொன்னால், சம்சாரிகள் கேட்கிறார்கள். எலியால் படும் பாடு அவர்களுக்குத் தெரியும். பக்குவமாகச் சொன்னால் சாரை முட்டை என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். நல்லபாம்பு என்றால் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தை நாம் இளக்காரமாக நினைக்கக் கூடாது. 2000-லிருந்து 2019 வரை இந்த நாட்டில் பாம்புக்கடியில் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. பிள்ளை விளையாடும் வீட்டுத் திண்ணைக்கடியில் முட்டை என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத விளைக்காட்டில், புற்றில் இருந்தால் விட்டுவிட்டு வருவதே பெரிய காரியம். தாயும் அங்கேயே காவலிருக்கும்.

எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் இயந்திரம் நிற்கட்டும். இருளர்கள் தோண்டுவதைப் பார்த்திருக்கிறாயா? வடநெம்மேலியில் இருக்கிற, 1978-இல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒருமுறை போய்ப் பார். சின்னக் கடப்பாரையும் கையும்தான். வளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மண்ணைத் தொட்டே சொல்வார்கள். 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தது அந்தக் கைகளுக்குத்தான். முட்டை தெரிந்ததும் முதலில் பென்சிலால் மேல்பக்கம் ஒரு புள்ளி வை, அப்புறம் எடு. கோழி முட்டையில் மஞ்சள் கருவை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் முறுக்குக் கொடி பாம்பு முட்டையில் கிடையாது. கரு மேல் ஓட்டில் ஒட்டிக்கொண்ட பிறகு புரட்டினால் அமுங்கிப் போகலாம். புள்ளி மேலே இருக்கிற மாதிரியே டப்பாவில் வை, வண்டியில் மடியில் வைத்துக் கொண்டு போ. வனச்சரகருக்குத் தகவல் சொல்லாமல் ஒரு முட்டையையும் நகர்த்தாதே. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நல்லபாம்பும் சாரையும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உன் நல்ல மனசு வழக்கில் செல்லாது.

கடைசியாக, நீ எழுதாமல் விட்டது ஒன்று. உன் அம்மா, என் அக்கா, என்னிடம் சொல்லிவிட்டாள். நாகக் குட்டி உன் கையில் செத்ததால் தோஷம் ஒட்டும், கல்யாணம் தள்ளிப்போகும், பிள்ளை தங்காது என்று யாரோ அவளிடம் சொல்லி, அவள் உன்னிடம் அழுதிருக்கிறாள். நீ வேலையை விடுகிறேன் என்றதில் பாதி அதுதான் என்று எனக்குப் படுகிறது. பதினைந்து செத்ததற்குக் காரணங்களை மேலே ஒவ்வொன்றாக எழுதிவிட்டேன்: வாளி, கூமுட்டை, கிழிசல், ஈரக்குறைவு, சூடு, சீழ், பயம். இதில் தோஷம் எங்கே வருகிறது என்று நீயே பார். புற்றுக்குப் பால் ஊற்றுகிற நம் ஊர்ப் பெண்கள் அந்தப் புற்றுக்குள் இருக்கிற உயிருக்கு நல்லது நினைத்துத்தான் ஊற்றுகிறார்கள். பாம்பு பால் குடிக்காது, ஆனாலும் நினைப்பு நல்ல நினைப்பு. நீ அதே நினைப்போடு கை வைத்திருக்கிறாய், பலனுள்ள விதத்தில். ஆச்சியிடம் இதைச் சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்கு மருத்துவச்சி கை தோஷமா என்று கேட்டுவிட்டாள். அக்காவிடம் அவளே பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆச்சி பேசினால் அக்கா மறுபேச்சு பேச மாட்டாள், உனக்குத் தெரியும்.

வருத்தப்படாதே என்று நான் சொல்லமாட்டேன். வருத்தமில்லாதவன் கையில் முட்டையைக் கொடுக்க நான் சம்மதிக்கவும் மாட்டேன். ஆனால் வருத்தத்தோடு வேலை செய்யும்போது கை அவசரப்படும், ஒரு நாளைக்குப் பத்து தடவை டப்பாவைத் திறந்து பார்க்கச் சொல்லும், ஒவ்வொரு முட்டையையும் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லும். அதை மட்டும் அடக்கு. வாரம் ஒரு முறை டார்ச், தினம் ஒரு முறை வெப்பமானி. மற்ற நேரம் வேறு வேலை பார்.

வாழைத்தோட்டத்தில் சருகு வாரும்போது சாரை முட்டை பதினொன்று கிடைத்திருக்கிறது. ஒன்றில் மண்வெட்டி பட்டுவிட்டது. வனவர் வந்து எழுதிக்கொண்டு போனார். பொரிக்கும்வரை என்னிடமே இருக்கட்டும் என்று உத்தரவு வாங்கித் தந்திருக்கிறார். பானையில் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் உனக்கு லீவு விட்டதும் அம்பாசமுத்திரம் வண்டி பிடித்து வா. வரும்போது அந்தக் காகிதப் பிளாஸ்திரி ஒரு சுருள், நல்ல இடுக்கி ஒன்று, முனை வைத்த வெப்பமானி ஒன்று வாங்கிக்கொண்டு வா. இங்கே கிடைப்பது சரியில்லை. உன் குறிப்பேட்டையும் எடுத்துக்கொள். முட்டை வந்த நாளிலிருந்து வெப்பத்தை வரிசையாக எழுதியிருக்கும் பக்கங்கள் எனக்கு வேண்டும். மண்வெட்டி பட்ட முட்டைக்கு என்ன செய்யலாம் என்பதை நீதான் சொல்ல வேண்டும். ஒட்டிப் பொரிக்க வைத்தவள் இந்த வீட்டில் நீ ஒருத்திதான்.

அன்புடன்,
மாமா